விமானம் மூன்றாக உடைந்தும் உயிர்கள் தப்பியது எப்படி?

மியன்மாரின் யங்கூன் சர்வதேச விமான நிலையத்தில் 2019ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி மாலை, இடியுடன் கூடிய மழைக்கு நடுவே தரையிறங்கிய பிமான் பங்களாதேஷ் நிறுவனத்தின் விமானம் ஒன்று, ஓடுபாதையை விட்டு விலகிப் புல்தரையில் போய் நின்றது. டாக்காவிலிருந்து வந்திருந்த அந்த டேஷ் 8 க்யூ400 ரக விமானத்தின் உடற்பகுதி மூன்று துண்டுகளாக முறிந்திருந்தது. பலர் காயமடைந்திருந்தனர். ஆனால் அதில் பயணம் செய்த 28 பயணிகளிலும், விமானிகள் மற்றும் சிப்பந்திகளிலும் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.

உயிரிழப்பு இல்லாத விபத்து செய்தியாக நீடிப்பதில்லை. யங்கூன் விபத்தும் ஓரிரு நாட்களில் தலைப்புச் செய்திகளிலிருந்து மறைந்துபோனது. பயணிகள் "அதிர்ஷ்டவசமாக" உயிர் தப்பினர் என்று எழுதிவிட்டு ஊடகங்கள் அடுத்த செய்திக்குச் சென்றுவிட்டன.

விமான விபத்துப் புலனாய்வாளர்களுக்கு அந்தச் சொல் போதுமானதல்ல. விமானம் ஏன் விபத்துக்குள்ளானது என்பது அவர்கள் விடை காண வேண்டிய கேள்விகளில் ஒன்றுதான். அதில் இருந்தவர்கள் ஏன் இறந்தார்கள் அல்லது ஏன் பிழைத்தார்கள் என்பது, அதற்கு நிகரான, ஆனால் பொதுமக்கள் அதிகம் அறியாத மற்றொரு கேள்வி.

ஒரே ரகம், இரு வேறு முடிவுகள்

யங்கூன் சம்பவத்துக்குப் பதினான்கு மாதங்கள் முன்பு, 2018ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி, இதே க்யூ400 ரகத்தைச் சேர்ந்த, இதே டாக்காவிலிருந்து புறப்பட்ட மற்றொரு விமானம் நேபாளத் தலைநகர் காத்மண்டுவில் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளானது. யூஎஸ்-பங்களா நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த விமானத்தில் 71 பேர் இருந்தனர். 51 பேர் உயிரிழந்தனர்.

காத்மண்டுவில் விமானம் ஓடுபாதையைச் சாய்வாகத் தொட்டு, அதைக் கடந்து சரிவில் இறங்கி, தீப்பற்றி எரிந்தது. யங்கூனில் விமானம் உடைந்தபோதும் தீ மூளவில்லை. ஓடுபாதைக்கு அருகிலேயே அது நின்றுவிட்டது.

இந்தியாவிலும் இவ்வாறான ஓர் இணை உண்டு. 2010ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மேட்டுநில ஓடுபாதையின் முடிவைக் கடந்து பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் எட்டுப் பேர் மட்டுமே பிழைத்தனர். பத்தாண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி, அதே நிறுவனத்தின் அதே போயிங் 737-800 ரக விமானம், அதே துபாயிலிருந்து வந்து, கோழிக்கோட்டில் அதேபோன்ற மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. அதில் இருந்த 190 பேரில் இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர். எரிபொருள் கசிந்தபோதும் தீப்பிடிக்கவில்லை.

மங்களூரில் பிழைத்தவர்களில் பலர், விமானத்தின் உடலில் ஏற்பட்ட பிளவின் வழியாகவே வெளியேறினர். விமானம் உடைவது எப்போதும் பயணிகளுக்கு எதிரானதல்ல என்பதை இது காட்டுகிறது. யங்கூன் படங்களைப் பார்த்தவர்களுக்கு மூன்று துண்டுகளாகக் கிடந்த விமானமே அதிர்ச்சியளித்திருக்கும். ஆயினும் புலனாய்வாளர் முதலில் பார்ப்பது விமானம் எத்தனை துண்டுகளானது என்பதை அல்ல. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் மனிதர் உட்கார்ந்திருக்கும் இடம் நசுங்காமல் இருந்ததா என்பதையே.

ஐந்து கேள்விகள்

இத்துறையில் நீண்டகாலமாகப் பயன்பட்டு வரும் ஒரு வரையறையின்படி, ஐந்து விடயங்கள் ஆராயப்படுகின்றன. மனிதரைச் சுற்றியுள்ள கூடு நசுங்காமல் இருந்ததா? இருக்கையும் இருக்கைப் பட்டியும் அவரைப் பிடித்து வைத்திருந்தனவா? அவர் தலையோ காலோ மோதக்கூடிய பொருட்கள் அருகில் இருந்தனவா? மோதலின் விசையை வேறு ஏதாவது உள்வாங்கிக்கொண்டதா? மோதலுக்குப் பின் தீ, புகை, நீர் ஆகியவற்றிலிருந்து அவரால் வெளியேற முடிந்ததா?

இவற்றில் நான்காவது கேள்வி சாதாரணக் கணக்கைச் சார்ந்தது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் 200 மீட்டர் தூரம் சீராகச் சறுக்கி நின்றால், உள்ளே இருப்பவர் உணரும் விசை புவியீர்ப்பு விசையைவிடக் குறைவு. காரில் பலமாகப் பிரேக் போடுவதைப் போன்றது அது. அதே விமானம் 10 மீட்டருக்குள் நின்றால், விசை புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 16 மடங்காகிறது. மூன்று மீட்டருக்குள் நின்றால் 50 மடங்கைத் தாண்டிவிடும். வேகம் ஒன்றுதான், நிற்பதற்குக் கிடைத்த தூரமே உயிரைத் தீர்மானிக்கிறது.

ஆகவே விமான நிலையத்தின் நிலப்பரப்பும் பயணிகளின் பாதுகாப்புச் சாதனங்களில் ஒன்றாகிறது. ஓடுபாதையைச் சுற்றியுள்ள பட்டையின் முடிவிலிருந்து குறைந்தது 90 மீட்டர் தூரத்துக்குத் தடைகளற்ற பாதுகாப்புப் பகுதி இருக்க வேண்டும் என்பது பெரிய ஓடுபாதைகளுக்கான சர்வதேச விதி. 240 மீட்டர் இருப்பது நல்லது என்பது அதன் பரிந்துரை. அப்பகுதியில் வைத்தே ஆகவேண்டிய கருவிகள், மோதினால் எளிதில் முறிந்துவிடும் வகையில் இருக்க வேண்டும்.

இது மீறப்படும்போது என்ன நடக்கும் என்பதை, தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி உலகம் கண்டது. சக்கரங்கள் இறங்காமல் வயிற்றுப் பகுதியால் தரையிறங்கிய ஜேஜு ஏர் விமானம், ஓடுபாதையின் முடிவைச் சறுக்கி அடையும்வரை பெருமளவு சிதையாமலே இருந்தது. ஓடுபாதைக்கு அப்பால், தரையிறங்க வழிகாட்டும் அலைவாங்கிகளைத் தாங்கி நின்ற கான்கிரீட் கட்டமைப்புடன் கூடிய மண்மேட்டில் மோதியதும் அது வெடித்துச் சிதறியது. 181 பேரில் விமானத்தின் வால்பகுதியில் இருந்த இரு சிப்பந்திகள் மட்டுமே பிழைத்தனர். மங்களூரிலும் விமானத்தின் இறக்கை இதேபோன்ற அலைவாங்கிக் கட்டமைப்பில்தான் மோதியிருந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 2010இல் கற்றிருக்கக்கூடிய ஒரு பாடத்துக்கு 2024இலும் விலை கொடுக்க நேர்ந்தது.

சிதைவுகளுக்கு நடுவே

உயிர்பிழைப்புப் பற்றிய புலனாய்வு பெரும்பாலும் விமானத்தின் இருக்கை வரைபடத்திலிருந்து தொடங்குகிறது. யார் எந்த இருக்கையில் இருந்தார், அவருக்கு எந்த எலும்பு முறிந்தது, அந்த இருக்கையின் கால்கள் தரைத் தண்டவாளத்திலிருந்து பிடுங்கப்பட்டனவா, மேலே இருந்த பெட்டித் தட்டுகள் விழுந்தனவா என்பவை ஒவ்வொன்றாக அதில் குறிக்கப்படுகின்றன. காயங்கள் ஓரிடத்தில் குவிந்திருந்தால், விமானத்தின் எந்தப் பகுதி அதிக விசையைத் தாங்கியது என்பது புலப்படும்.

இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனை மற்றொரு உண்மையைச் சொல்கிறது. சுவாசக் குழாயில் கரியும், இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடும் காணப்பட்டால், மோதல் அவரைக் கொல்லவில்லை, தீ மூண்டபோது அவர் சுவாசித்துக்கொண்டிருந்தார் என்று பொருள். உறவினர்களுக்கு இது வேதனை தரும் தகவல். ஆயினும் கதவு ஏன் திறக்கவில்லை, இருக்கைத் துணி ஏன் நச்சுப் புகையைக் கக்கியது, தீயணைப்பு வண்டி ஏன் தாமதமானது ஆகிய கேள்விகள் இதிலிருந்துதான் பிறக்கின்றன. ஓடுபாதையின் எந்தப் புள்ளிக்கும் மூன்று நிமிடங்களுக்குள் தீயணைப்புப் படை சென்றடைய வேண்டும் என்பது சர்வதேச நியதி.

பிழைத்தவர்களின் சாட்சியம் இதைவிடச் சிக்கலானது. எந்தக் கதவை நோக்கிச் சென்றீர்கள், பெல்ட்டை எப்படிக் கழற்றினீர்கள், யார் கட்டளையிட்டார் என்று அவர்களிடம் கேட்கப்படுகிறது. பதற்றத்தில் விமான இருக்கைப் பட்டியைக் காரின் பெல்ட் என்று நினைத்து, கொக்கியைத் தூக்காமல் பொத்தானைத் தேடி அழுத்த முயல்பவர்கள் உண்டு. இதுபோன்ற சிறு விவரம் எந்தக் கறுப்புப் பெட்டியிலும் பதிவாவதில்லை.

க்யூ400 ரகத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, சக்கரக் கோளாறுடன் தரையிறங்க நேர்ந்த ஸ்காண்டிநேவியன் விமானத்தில், சுழல்விசிறிகளுக்கு நேராக அமர்ந்திருந்த பயணிகளைச் சிப்பந்திகள் முன்கூட்டியே வேறு இருக்கைகளுக்கு மாற்றினர். தரையிறங்கியபோது சக்கரத் தண்டு மடங்கி, தரையில் பட்டு முறிந்த விசிறித் துண்டு ஒன்று விமானச் சுவரைத் துளைத்து உள்ளே பாய்ந்தது. எவரும் இறக்கவில்லை.

அறிவியலாக மாறிய அதிர்ஷ்டம்

பிழைத்தது ஏன் என்று முதலில் விடாப்பிடியாகக் கேட்டவர்களில் ஒருவர் ஹ்யூ டிஹேவன் என்ற அமெரிக்கர். முதலாம் உலகப் போரின்போது, 1917இல், கனடாவில் விமானப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த அவர் நடுவானில் நிகழ்ந்த ஒரு மோதலில் சிக்கிப் படுகாயமடைந்தார். தனது உள்ளுறுப்புக் காயங்களுக்கு இருக்கைப் பட்டியின் கொக்கியே காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைப் பற்றி 1942இல் அவர் வெளியிட்ட ஆய்வு, மனித உடல் நினைத்ததைவிடப் பெரும் விசையைத் தாங்கும் என்று காட்டியது. பொருட்களை உடையாமல் அனுப்பப் பொதி கட்டுவதைப் போலவே மனிதரையும் வாகனத்துக்குள் பொதிய வேண்டும் என்பது அவரது வாதத்தின் சாரம்.

அமெரிக்க விமானப்படை மருத்துவரான ஜான் ஸ்டாப் இதைத் தன் உடலிலேயே சோதித்தார். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி, ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சென்று, சுமார் 1.4 வினாடிகளில் நிறுத்தப்பட்டார். புவியீர்ப்பைப் போல 46 மடங்கு விசையைத் தாங்கி அவர் உயிருடன் எழுந்தார்.

உடலால் இவ்வளவு தாங்க முடியும் என்றால், அதைவிட மிகக் குறைந்த விசையிலேயே பிடுங்கிக்கொண்டு போகும் இருக்கைகளை ஏன் பொருத்த வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. ஆனால் விதி மாற வெகுகாலம் பிடித்தது. பழைய இருக்கைகள் 9 மடங்கு விசைக்கே சோதிக்கப்பட்டன. 16 மடங்கு விசையில், மனித உருவப் பொம்மையை வைத்துச் சோதிக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1988இல் வந்தது. அதுவும் புதிதாக வடிவமைக்கப்படும் விமான ரகங்களுக்கு மட்டும். பழைய ரகங்களில் புதிதாகத் தயாரிக்கப்படும் பயணிகள் விமானங்களுக்கும் அது கட்டாயமானது 2009இல்தான்.

பிரிட்டனில் நிகழ்ந்த இரு விபத்துகள் இத்துறையின் திருப்புமுனைகள். 1985இல் மான்செஸ்டரில் ஓடுபாதையிலேயே தீப்பிடித்த விமானத்தில் 55 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது புகை. அவசர வாயில்களை அடுத்துள்ள இருக்கைகளின் இடைவெளி அதன் பின்னரே விரிவாக்கப்பட்டது. 1989இல் கெக்வொர்த் அருகே நெடுஞ்சாலைக் கரையில் விழுந்த விமானத்தில் தலைக்கு மேலிருந்த பெட்டித் தட்டுகள் ஏறக்குறைய எல்லாமே பெயர்ந்து விழுந்தன. அந்த 126 பேரின் காயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்ததன் பயனாகவே, குனிந்து தலையைத் தாழ்த்தி அமரும் பாதுகாப்பு நிலை இன்றைய வடிவத்துக்கு வந்தது.

இந்த மாற்றங்கள் வருவதற்கு முந்தைய காலத்தின் விபத்தொன்று தமிழக அரசியலில் ஆழ்ந்த வடுவை விட்டுச் சென்றது. 1973ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி சென்னையிலிருந்து சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் டில்லி பாலம் விமான நிலையம் அருகே விழுந்து எரிந்தது. மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம், கம்யூனிஸ்ட் தலைவர் கே. பாலதண்டாயுதம் உட்பட 48 பேர் உயிரிழந்தனர். 17 பேர் பிழைத்தனர். இறந்தவர்களின் பெயர்கள் அரசியல் வரலாற்றில் இடம்பெற்றன. அந்த 17 பேர் எப்படிப் பிழைத்தனர் என்பதைப் பேசுவோர் இல்லை.

தப்பிக்க முடிந்ததும் முடியாததும்

எல்லா விபத்துகளிலும் இக்கேள்விக்கு இடமில்லை. 2017ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி, மெய்க் நகரிலிருந்து யங்கூனுக்குப் புறப்பட்ட மியன்மார் ராணுவ விமானம் அந்தமான் கடலில் விழுந்தபோது அதிலிருந்த 122 பேரும் இறந்தனர். ஆமதாபாத்தில் 2025ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி ஏர் இந்தியா விமானம் கட்டடத்தின் மீது விழுந்தபோது 242 பேரில் ஒருவர் மட்டுமே தப்பினார். அவ்வாறு ஒருவர் தப்பியதை வைத்து, அது தப்பிக்கக்கூடிய விபத்து என்று கொள்ள இயலாது. அவர் அமர்ந்திருந்த இருக்கை எண்ணைத் தேடிப் பயணிகள் முன்பதிவு செய்ய விரும்பியதாக வந்த செய்திகள், ஒரு விபத்தின் விதிவிலக்கை எல்லா விபத்துகளுக்கும் விதியாக்கும் மயக்கமே.

பெரும்பாலான விபத்துகள் இத்தகையவை அல்ல. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1983 முதல் 2000 வரை அந்நாட்டின் பயணிகள் விமான விபத்துகளில் சிக்கிய 53,487 பேரில் 51,207 பேர், அதாவது 95.7 சதவீதத்தினர் பிழைத்தனர். தீ, கடும் காயங்கள், பெருஞ்சேதம் ஆகியவை சேர்ந்த மோசமான விபத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும்கூடப் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைத்திருந்தனர்.

மியன்மாரின் அனுபவமும் இதற்கு மாறானதல்ல. 2012ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், யங்கூனிலிருந்து மாண்டலே வழியாகச் சென்ற ஏர் பகான் விமானம் ஹேஹோ ஓடுபாதைக்கு முன்பாகவே தரையில் மோதி எரிந்தது. அதிலிருந்த 71 பேரில் ஒருவரும், தரையில் ஒருவரும் இறந்தனர். யங்கூனில் பிமான் விமானம் உடைந்து நான்கே நாட்களில், 2019 மே 12ஆம் தேதி, யங்கூனிலிருந்து சென்ற மியன்மார் நேஷனல் ஏர்லைன்ஸ் விமானம் முன்சக்கரம் இறங்காத நிலையில் மாண்டலேயில் மூக்குத் தரையில் உரசத் தரையிறக்கப்பட்டது. அதிலிருந்த 89 பேரும் தப்பினர்.

தீப்பற்றிய விமானத்திலிருந்து வெளியேறக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, இருளில், 90 வினாடிகளில் எல்லோரும் வெளியேற முடியும் என்று விமான உற்பத்தியாளர்கள் நிரூபிக்க வேண்டும். டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி, கடலோரக் காவல் படை விமானத்துடன் மோதித் தீப்பற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில், எட்டு வாயில்களில் மூன்று மட்டுமே பயன்பட்டன. ஆயினும் 379 பேரும் வெளியேறினர். பைகளை எடுக்க வேண்டாம் என்ற சிப்பந்திகளின் கட்டளைக்குப் பயணிகள் கட்டுப்பட்டது இதற்கு ஒரு முக்கிய காரணமாகக் கூறப்படுகிறது. காவல் படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர்.

அறிக்கையின் ஒரு சிறு பிரிவு

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆவது இணைப்பின்படி, விபத்து நடந்த நாடே புலனாய்வை நடத்த வேண்டும். எனவே யங்கூன் விபத்தைப் புலனாய்வு செய்யும் பொறுப்பு மியன்மாருக்கு உரியதானது. விமான நிறுவனத்தின் நாடான வங்கதேசமும், விமானத்தைத் தயாரித்த நாடான கனடாவும் அதில் பிரதிநிதிகளை நியமிக்க உரிமை பெற்றவை. எவர் மீதும் குற்றம் சுமத்துவது நோக்கமல்ல, மீண்டும் நிகழாமல் தடுப்பதே நோக்கம் என்று அந்த இணைப்பு வரையறுக்கிறது.

இறுதி அறிக்கையின் அமைப்பையும் அதுவே வகுத்துள்ளது. அதில் 1.15 என்ற எண்ணுள்ள பிரிவு உயிர்பிழைத்தல் தொடர்பானது. தேடுதலும் மீட்பும், பயணிகளின் இருக்கைகள், காயங்கள், இருக்கைகளும் பட்டிகளும் தாங்கிய விதம் ஆகியவை அங்கே விவரிக்கப்பட வேண்டும். ஆனால் எவரும் இறக்காத விபத்துகளின் அறிக்கைகளில் இப்பிரிவு ஓரிரு வரிகளில் முடிந்துவிடுவது வழக்கமாக உள்ளது. விமானியின் தவறை விவரிக்கப் பல பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. உடைந்த விமானத்திலிருந்து அனைவரும் வெளியேறியது எவ்வாறு என்பதற்கு இடம் கிடைப்பதில்லை. சடலங்களிடமிருந்து மட்டும் கற்பதென்று முடிவு செய்துவிட்டதைப் போன்ற வழக்கம் இது.

அறிக்கை பரிந்துரைப்பவை அனைத்தும் விதியாகிவிடுவதும் இல்லை. 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் விமானம் தரையிறங்க முயன்று உடைந்து எரிந்தபோது, 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். அதில் பெற்றோரின் மடியில் பயணம் செய்த கைக்குழந்தைகள் நால்வர் இருந்தனர். அன்றைய நடைமுறைப்படி அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோரிடம் கூறப்பட்டது. ஒரு குழந்தை இறந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் தனி இருக்கையும் கட்டும் பட்டியும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதன் பின்னர் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்துள்ளது. தனி இருக்கைக்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுச் சாலைப் பயணத்தை நாடும், அதில் இன்னும் அதிகக் குழந்தைகள் இறக்கும் என்று கூறி, அந்நாட்டின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதை ஏற்க மறுத்து வந்துள்ளது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இன்றும் மடியில்தான் பறக்கின்றனர்.